அரசின் பொருளும் நம் பங்கும்: ஒரு வரலாற்று நோக்கு

பள்ளிக்கூடம், வீட்டுமனை, குடியிருப்புக்குச் செல்லும் பாதை ஆகிய இம்மூன்றையும் பற்றிப் பேசும்பொழுது நம் மக்கள் வாயில் இயல்பாக வரும் சொல் ஒன்று உண்டு. 'சர்க்கார் கொடுத்தது' என்பதே அச்சொல். முதியோர் இதனை நன்றியுணர்வோடு கூறுகின்றனர். பிறரோ 'சலுகை' என்னும் மற்றொரு சொல்லைச் சேர்த்துக் குத்திக் காட்டுகின்றனர். இவ்விரண்டு சொற்களுள் எதுவும் வரலாற்றுக்குப் பொருந்துவதன்று என்பதை நம் இளைஞர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். நம் கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்யும் இவ்வேளையில், விழாச் சிறப்புகளை விரித்துரைப்பதினும், நமக்கென எழுதப்பட்ட தொகை எவ்வாறு எழுதப்பட்டது, எவ்வளவு வந்து சேர்ந்தது, வராததற்கு யார் விடை கூற வேண்டும் என்று ஆராய்வதே சாலச் சிறந்தது எனக் கருதுகிறோம்.

முதலில் நம் ஊரைப் பற்றி ஒரு குறிப்பு. கீழ்பென்னாத்தூர், திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி வழியாகத் திண்டிவனம் செல்லும் சாலையில் அமைந்தது. 1911-ஆம் ஆண்டு வரை திருவண்ணாமலை வட்டம் தென்னார்க்காடு மாவட்டத்தைச் சார்ந்திருந்தது; அவ்வாண்டில் வடார்க்காட்டுடன் சேர்க்கப்பட்டது; 1989 செப்டம்பர் 30-ஆம் நாள் வடார்க்காடு பிரிக்கப்பட்டபொழுது திருவண்ணாமலை தனி மாவட்டமாயிற்று. எஞ்சிய பகுதிக்கு அண்ணல் அம்பேத்கர் பெயர் சூட்டப்பட்டு, பின்னர் அது வேலூர் மாவட்டம் எனப்பட்டது. பழைய நில ஆவணங்களைத் தேடும் நம் இளைஞர் கடலூர், வேலூர், திருவண்ணாமலை ஆகிய மூன்று ஆட்சியர் அலுவலகங்களையும் நினைவிற்கொள்ள வேண்டும் என்பதற்காகவே இதனைக் கூறினோம். ஆவணம் எங்கே இருக்கிறது என்று அறியாதவன் கணக்குக் கேட்க இயலாது.

இற்றைக்கு நூற்று முப்பது ஆண்டுகளுக்கும் முன்னர், 1891-இல், செங்கற்பட்டு மாவட்டத்தின் பொறுப்பு ஆட்சியராக விளங்கிய திரெமன்கீர் என்னும் ஆங்கிலேய அதிகாரி அம்மாவட்டத்துப் பறையர் நிலை பற்றி விரிவான அறிக்கை ஒன்றை அரசுக்கு அளித்தார். உழுது பயிர் செய்வோர் ஒரு காணி நிலமுமின்றி இருத்தலையும், அவர்தம் குடிசை நின்ற மனையும் மிராசுதாரருக்கே உரியதென்று கூறி, வேண்டாதபொழுது வெளியேற்றப்படுதலையும், பிள்ளைகள் எழுத்தறிவின்றிக் கிடத்தலையும் அவர் எடுத்துக்காட்டினார். நிலம், மனை, பள்ளி ஆகிய மூன்றும் ஒரே கயிற்றின் மூன்று புரிகள் என்பதை அவ்வறிக்கை அன்றே உணர்ந்திருந்தது. மனைக்கு அஞ்சுபவன் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பான். அனுப்பினால் மாடு மேய்க்க ஆள் இல்லை என்று மனைக்காரர் சினப்பார். இச்செய்தி இங்கிலாந்துப் பாராளுமன்றம் வரை சென்றது. அதன்பின் 1892 செப்டம்பர் 30-இல் பிறந்ததே 1010 என்னும் எண்ணுள்ள வருவாய்த்துறை ஆணை. நாம் பஞ்சமி நிலம் என்றும் டி.சி. நிலம் என்றும் வழங்கும் நிலங்களுக்கு அதுவே தோற்றுவாய். பெற்றவர் பத்தாண்டு வரை அந்நிலத்தை விற்றலோ அடகு வைத்தலோ கூடாது. பிறகும் தம் வகுப்பினருக்கன்றிப் பிறருக்கு உரிமை மாற்றலாகாது. மாற்றினால் அரசு மீட்டுக்கொள்ளும் என்பன நிபந்தனைகள். மறு ஆண்டு பிப்ரவரி முதல் நாளில் கல்வித்துறை 68-ஆம் எண் ஆணையைப் பிறப்பித்தது. பஞ்சமர் வாழும் ஊர்களில் தனிப்பள்ளிகள் திறத்தல், பள்ளிக்குப் புறம்போக்கு நிலம் தருதல், ஆசிரியப் பயிற்சி பெறுவோர்க்கு உதவித்தொகை அளித்தல் முதலியன அதில் அடங்கும். பஞ்சமர் கல்வியின் உரிமைச் சாசனம் என்றே அதனைப் போற்றியவரும் உளர்.

ஆணைகள் நல்லவை. ஆனால் அவற்றை நிறைவேற்றுவோர் யாவர்? கிராம முன்சீபும் கர்ணமும் அன்றோ! நிலத்தைப் பறித்துக்கொண்டவரின் உறவினரே நிலக்கணக்கை எழுதினர். ஆணையை மீறினால் அரசு மீட்கும் என்று எழுதியவர்கள், மீட்காத அதிகாரியை யார் கேட்பது என்று எழுதவில்லை. இக்குறை சிறு குறையன்று. இன்றளவும் நம்மைத் தொடர்ந்து வரும் குறை இதுவேயாகும். நூறாண்டு கழித்து, 1994 அக்டோபரில், காரணைப் பஞ்சமி நிலத்தை மீட்கக் கோரிச் செங்கற்பட்டில் கூடியோர் மீது துப்பாக்கிச் சூடு நிகழ்ந்து இருவர் உயிர் துறந்தனர் என்பதை நம் இளைஞர் அறிவர்.

அரசு விழிக்கும் முன்னரே கல்விப் பணியைத் தொடங்கியோர் பலர். பண்டிதர் அயோத்திதாசர் தூண்டுதலால் கர்னல் ஆல்காட் 1894-இல் சென்னை அடையாற்றுப் பகுதியில் நம் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி திறந்தார். கிறித்தவ மிஷன்கள் பல ஊர்களில் பள்ளி நடத்தின. திருவண்ணாமலையில் டேனிஷ் மிஷனின் தொண்டு யாவரும் அறிந்ததே. இப்பள்ளிகளுக்கு அரசு மானியம் உண்டெனினும் பெருஞ்சுமை தனியார் தோளிலேயே இருந்தது. நம் மாவட்டத்து ஆரணியை அடுத்த மேல்புதுப்பாக்கத்தில் 1890-இல் பிறந்த சுவாமி சகஜானந்தர் 1916-இல் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கியபொழுது, பிடியரிசி முதலாக ஊர் ஊராகத் திரட்டியே அதனை வளர்க்க வேண்டியிருந்தது. பின்னர் அவர் சட்டமன்ற உறுப்பினராகிப் பல்லாண்டு பணியாற்றியபொழுதும் பள்ளிகளுக்காக வாதாடுவதை விட்டாரில்லை.

1920-இல் சென்னை அரசு தொழிலாளர் ஆணையர் என்றொரு பதவியை ஏற்படுத்தி, பேடிசன் என்பாரை அதில் அமர்த்தியது. ஆலைத் தொழிலாளர் நலத்துடன் தாழ்த்தப்பட்டோர் நலமும் இத்துறையின் பொறுப்பாயிற்று. 'லேபர் பள்ளிக்கூடம்' என்று நம் பெரியோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அப்பெயர் வந்த வழி இதுவே. துறை, பள்ளி திறந்தது, கிணறு வெட்டியது, நிலமெடுத்து வீட்டுமனை வழங்கியது. இங்கே ஒரு செய்தியை அழுத்திக் கூறல் வேண்டும். அம்மனைகள் இலவசமாகக் கிடைத்தன என்று பலர் எண்ணுகின்றனர். அஃது உண்மையன்று. கூட்டுறவுச் சங்கம் அமைத்து, கடன் பெற்று, நிலத்தின் விலையைத் தவணை தவணையாக நம்மவர் கட்டினர். ஒரு நாளைக்குச் சில அணாக்களே கூலி பெற்ற மக்கள், தாம் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த மண்ணுக்கு விலை கொடுத்தார்கள். 'சர்க்கார் கொடுத்தது' என்னும் சொல்லை இனி வழங்குமுன் இதனைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம்.

இதே காலத்தில் நம் தலைவர்கள் சட்டசபையில் நுழைந்தனர். இராவ் பகதூர் எம். சி. ராஜா 1920-ஆம் ஆண்டுத் தேர்தலையடுத்து அமைந்த சபையில் நியமன உறுப்பினரானார். இரட்டைமலை சீனிவாசன் 1923-இல் அவ்வாறே நியமிக்கப் பெற்றார். அவர்கள் எண்ணிக்கையில் சிலர். கட்சி பலமும் இல்லை. கையிலிருந்த கருவி கேள்வியும் தீர்மானமுமே. சீனிவாசனும் ஆர். வீரையனும் பிறரும் எழுப்பிய குரலின் விளைவாகவே, பொதுச்சாலை, பொதுக்கிணறு, பொது இடங்கள் யாவும் எல்லா வகுப்பினருக்கும் உரியவை என்னும் 1924-ஆம் ஆண்டு ஆணை பிறந்தது. ஆதிதிராவிடர் என்னும் பெயரை அரசு ஏடுகளில் ஏற்கச் செய்த 1922-ஆம் ஆண்டு ஆணையும் சபையில் போராடிப் பெற்றதே. பொதுப்பணத்தில் போட்ட சாலையில் நடக்கவும் பொதுப்பணத்தில் வெட்டிய கிணற்றில் நீர் முகக்கவும் ஒரு தீர்மானம் தேவைப்பட்டது என்றால், பொதுப்பணம் என்பது எவர் பணமாகக் கருதப்பட்டு வந்தது என்பது விளங்கும்.

இனி நம் கட்டுரையின் நடுப்பகுதிக்கு வருவோம். 1932 செப்டம்பர் 24-ஆம் நாள் கையெழுத்தான பூனா ஒப்பந்தம் பற்றி மேடைதோறும் பேசுகிறோம். தனித் தொகுதி போனதையும், 148 இடங்கள் வந்ததையும், அவற்றுள் சென்னை மாகாணத்திற்கு 30 என்பதையும் பள்ளிப் பிள்ளையும் ஒப்பிப்பான். ஆயின் அவ்வொப்பந்தத்தின் ஒன்பதாம் பிரிவை அறிந்தோர் எத்துணைப் பேர்? ஒவ்வொரு மாகாணத்திலும் கல்விக்கென ஒதுக்கும் மானியத்திலிருந்து, தாழ்த்தப்பட்ட வகுப்பினரின் கல்வி வசதிக்கெனப் போதிய தொகை தனியே குறித்து ஒதுக்கப்பட வேண்டும் என்பது அப்பிரிவின் கருத்து. அண்ணல் அம்பேத்கருடன் நம் மாகாணத்து இரட்டைமலை சீனிவாசனும் எம். சி. ராஜாவும் அதில் கையொப்பமிட்டனர். தம்முள் கருத்து மாறுபாடு கொண்டிருந்த பெருமக்கள் ஒரே தாளில் கையெழுத்திட்ட வாக்குறுதி அது.

இடங்களைப் பற்றிய பிரிவுகள் 1935-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தில் ஏறின. 1937 தேர்தலில் நடைமுறைக்கு வந்தன. ஒன்பதாம் பிரிவோ எச்சட்டத்திலும் எண்ணாக ஏறவில்லை. 'போதிய தொகை' என்பது எவ்வளவு? நூற்றுக்கு இவ்வளவு என்று குறித்திருந்தால் கேட்கலாம். குறிக்காமையால் கொடுத்ததே போதியது என்றாயிற்று. தனித் தொகுதியைக் கைவிட்டதற்கு ஈடாகப் பெற்றவற்றுள் ஒன்று இப்பிரிவு என்பதை நோக்கும்பொழுது, அதன் கடன் இன்னும் தீராத கடன் என்றே நாம் கொள்ள வேண்டும். நம் சங்கத்தார் இப்பிரிவை எழுதிப் படிப்பகச் சுவரில் மாட்டி வைத்தலும் தகும்.

எண்ணைக் குறித்துக் கேட்கும் வழியை அண்ணல் அம்பேத்கரே பின்னர்க் காட்டினார். 1942-இல் வைசிராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் துறை உறுப்பினராக அமர்ந்த அவர், அவ்வாண்டு அக்டோபரில் பட்டியல் வகுப்பினரின் குறைகளைத் தொகுத்து வைசிராய்க்கு மனு அளித்தார். அலிகார், காசிப் பல்கலைக்கழகங்களுக்கு ஆண்டுதோறும் மும்மூன்று இலட்சம் மானியம் தரும் அரசு, நம் வகுப்பினரின் உயர்கல்விக்கும் அவ்வளவு தரலாகாதோ என்பது அவர் தொடுத்த வினா. மூன்று இலட்சம் ரூபாய் கிடைத்தது. 1944-இல் தொடங்கிய மெட்ரிக்குப் பிந்தைய உதவித்தொகைத் திட்டம், இன்று கல்லூரியில் பயிலும் நம் பிள்ளைகள் யாவரும் பெறும் உதவித்தொகையின் தாய். ஒப்பிட்டுக் காட்டி, தொகையைச் சொல்லிக் கேட்ட கேள்வி அது. இரக்கம் வேண்டி எழுதிய மனுவன்று.

விடுதலைக்குப் பின் அரசியலமைப்பின் 46-ஆம் உறுப்பு, பட்டியல் இனத்தாரின் கல்வி, பொருளாதார நலன்களைச் சிறப்பான அக்கறையுடன் அரசு பேண வேண்டும் என்றது. ஆயினும் அது வழிகாட்டு நெறி. நீதிமன்றத்தில் நேரே கேட்க இயலாது. தொழிலாளர் துறையின் பள்ளிகளும் விடுதிகளும் அரிசன நலத்துறைக்கும், பெயர் மாறி ஆதிதிராவிடர் நலத்துறைக்கும் வந்தன. 1965-இல் நம் தென்னார்க்காட்டைச் சேர்ந்த எல். இளையபெருமாள் தலைமையில் மைய அரசு அமைத்த குழு, நாடெங்கும் சுற்றி, தீண்டாமை பற்றியும் பட்டியல் இனத்தாரின் கல்வி, பொருளாதார வளர்ச்சி பற்றியும் 1969-இல் அறிக்கை தந்தது. சட்டம் இருந்தும் வாழ்வு மாறவில்லை என்பதை ஊர் ஊராகக் காட்டிய அறிக்கை அது.

வீட்டு மனையின் வரலாறு கண்ணீரும் குருதியும் தோய்ந்தது. 1968 டிசம்பர் 25-இல் கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 உயிர்கள் எரிந்தன. கூலி உயர்வு கேட்டோர்க்குத் தப்பி ஒதுங்க ஓலைக் குடிசையன்றி வேறு கூரை இல்லை. 1971-இல் தமிழ்நாடு குடியிருப்பு அனுபோகதாரர் சட்டம் விவசாயத் தொழிலாளர் குடியிருந்த மனையை அவர்க்கே உரிமையாக்கியது. 1974-இல் தாட்கோ என்று நாம் வழங்கும் வீட்டுவசதிக் கழகம் தோன்றியது. 1978-இல் இயற்றப்பட்ட 31-ஆம் எண் சட்டம், நம் மக்களின் நலத்திட்டங்களுக்கு நிலமெடுக்கும் முறையை எளிதாக்கியது. நிலம் கொடுக்க மனமில்லாதோர் இதனை உச்சநீதிமன்றம் வரை எதிர்த்தனர். இழப்பீட்டைத் தவணையில் தரும் பிரிவு நீங்கலாக 1995-இல் சட்டம் நிலைபெற்றது. 2019-இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் மீண்டும் வீழ்ந்து, புதுச் சட்டத்தால் உயிர்பெற்று, 2021-இல் உச்சநீதிமன்றத்தால் ஏற்கப்பட்டது. மூன்று சென்ட் மனைக்காக எத்துணை வழக்கு பாருங்கள்!

அவ்வாறு கிடைத்த மனைகளின் தன்மையையும் சொல்லியாக வேண்டும். ஊருக்கு அப்பால், ஏரிப் பள்ளத்திலோ மேய்ச்சல் கரட்டிலோ ஒதுக்குவது வழக்கமாயிற்று. தொகுப்பு வீடு கட்டப்பட்டது. வீட்டை அடையும் பாதைக்குத் தனிக்கணக்கு என்றனர். சுடுகாட்டுப் பாதைக்கு மற்றொரு கணக்கு. மழைக்காலத்தில் கருவுற்ற பெண்ணைக் கட்டிலில் வைத்துத் தூக்கிச் செல்லும் குடியிருப்புகள் பலவற்றை நாம் கண்டிருக்கிறோம். நடக்க இயலாத முதியோரும் ஊனமுற்றோரும் படியேறி நுழைய முடியாத வீடு, கணக்கில் வீடாகலாம், வாழ்வில் வீடாகாது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், வீட்டு ஒதுக்கீட்டுத் திட்டங்களில் நூற்றுக்கு ஐந்து மாற்றுத்திறனாளிகளுக்கு எனக் கூறுகிறது. நம் குடியிருப்புகளில் இதனைக் கேட்டோர் மிகச் சிலரே. மைய அரசின் ஊரக வீட்டுத் திட்டத்தில் நூற்றுக்கு அறுபது பட்டியல் இனத்தார்க்கும் பழங்குடியினர்க்கும் எனக் குறிக்கப்பட்டுள்ளது. மாநில அரசு 2024-இல் தொடங்கிய கலைஞர் கனவு இல்லத் திட்டம் 2030-க்குள் எட்டு இலட்சம் வீடுகள், வீடு ஒன்றுக்கு மூன்றரை இலட்சம் ரூபாய் என்று அறிவித்தது. இவற்றுள் நம் வட்டத்திற்கு எத்தனை, அவை யாருக்கு என்பதே நாம் கேட்க வேண்டுவது.

பணக் கணக்கில் பெரிய மாற்றம் 1979-80-இல் நிகழ்ந்தது. அதுவரை நமக்கென்று ஒரு சிறு துறை. அதற்கென்று ஒரு சிறு தொகை. வேளாண்மை, தொழில், மின்சாரம், சாலை ஆகிய பெருந்துறைகளின் பெருந்தொகையில் நமக்கு என்ன பங்கு என்று கேட்டார் இல்லை. உள்துறையில் பணியாற்றிய பி. எஸ். கிருஷ்ணன் போன்ற நேர்மையான அதிகாரிகளின் முயற்சியால் சிறப்புக் கூறுத் திட்டம் உருவாயிற்று. ஒவ்வொரு துறையின் திட்டச் செலவிலும் மக்கள்தொகை விகிதத்திற்குக் குறையாத பங்கைப் பட்டியல் இனத்தார்க்குப் பிரித்துவைக்க வேண்டும் என்பது அதன் உட்பொருள். 1980 மார்ச்சில் பிரதமர் இந்திரா காந்தி இதனை வலியுறுத்தி மாநில முதலமைச்சர்களுக்கு மடல் எழுதினார். ஒன்பதாம் பிரிவின் 'போதிய தொகை'க்கு ஒருவாறு எண் கிடைத்தது எனலாம். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பட்டியல் இனத்தார் 1 கோடியே 44 இலட்சம், நூற்றுக்கு இருபது. நம் திருவண்ணாமலை மாவட்டத்திலோ ஏறத்தாழ நூற்றுக்கு இருபத்து மூன்று.

எண் வந்ததும் ஏய்ப்பும் வந்தது. ஊருக்கெல்லாம் பொதுவான மேம்பாலம் ஒன்று கட்டி, அதன் செலவில் ஐந்திலொரு பங்கை நம் கணக்கில் எழுதுதல் எளிது. நம் மக்களும் அப்பாலத்தின்மேல் நடப்பர் அன்றோ என்பது வாதம்! கணக்கு நிரம்பும், குடியிருப்புக்கு ஒரு விளக்கும் வாராது. தில்லியில் 2010-இல் நடந்த காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிக்காக இக்கூறின் தொகையில் சுமார் 700 கோடி ரூபாய் திருப்பிவிடப்பட்டது வெளிப்பட்டு, அவ்வாண்டு நாடாளுமன்ற மேலவையில் உள்துறை அமைச்சரே அதனை ஒப்புக்கொள்ள நேர்ந்தது. மற்றொரு வழி, செலவிடாமல் வைத்திருந்து மார்ச்சு முடிவில் திருப்பிவிடுதல். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியாக நம் மாநிலத்திலும் அவ்வாறு திரும்பிய தொகை பல நூறு கோடி என்பது வெளிவந்தது.

இத்தகைய ஏய்ப்பு நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க நாட்டில் 1965-இல் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளுக்கென மைய அரசு பெருநிதி ஒதுக்கியது. நான்கு ஆண்டு கழித்து, கறுப்பின மக்களின் உரிமைக்குப் பாடுபட்ட ரூபி மார்ட்டின், பிலிஸ் மெக்ளூர் என்னும் இரு பெண்மணிகள் அரசின் தணிக்கைத் தாள்களையே படித்து, அந்நிதி நீச்சல் குளத்திற்கும் பிற பொதுச் செலவுக்கும் போனதை அறிக்கையாக வெளியிட்டனர். அதன்பின்னரே, ஏற்கெனவே தரவேண்டியதைக் குறைத்துவிட்டு இச்சிறப்பு நிதியால் ஈடுகட்டலாகாது என்னும் விதி அங்கே இறுகியது. தாள்களைப் படித்தவர் இருவர் என்பதைக் கவனிக்க வேண்டும்.

நம் நாட்டில் இவ்விதியைச் சட்டமாக்க முதலில் முன்வந்தது ஆந்திரப் பிரதேசம். 2013 தொடக்கத்தில் அது துணைத் திட்டச் சட்டம் இயற்றியது. பத்தாண்டு ஆயுள் வைத்திருந்தமையால் 2023-இல் அதனை நீட்டிக்க வேண்டியதாயிற்று. அதே 2013-இல் கர்நாடகமும் இயற்றியது. ஆயின் பொதுச் செலவின் ஒரு பகுதியை நம் கணக்கில் எழுத இடம் தந்த ஓர் உட்பிரிவு அதில் இருந்தது. பத்தாண்டுப் போராட்டத்திற்குப் பின் 2023-இல் அது நீக்கப்பட்டது. ஒரு சட்டத்தில் ஓர் உட்பிரிவு என்ன செய்யும் என்பதற்கு இதுவே சான்று. நம் தமிழ்நாட்டிலோ நீண்ட கால வேண்டுகோளுக்குப் பின் 2024-இல்தான் பட்டியல் இனத்தார், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டம் வந்தது. மக்கள்தொகை விகிதப்படி ஒதுக்குதலும், மாநில, மாவட்ட அளவில் கண்காணிப்பும் இனி சட்டக் கடமை. மாவட்டக் கண்காணிப்பு எப்பொழுது கூடுகிறது, என்ன முடிவெடுக்கிறது என்பதை நம் சங்கம் விடாது கேட்டு அறிதல் வேண்டும்.

பள்ளி, கல்லூரி நிலைக்குத் திரும்புவோம். மாநிலத்தில் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் 1,138 எனக் கணக்கு. அவற்றுள் 833 தொடக்கப் பள்ளிகள், 98 மட்டுமே மேல்நிலைப் பள்ளிகள். தொடக்கத்தில் அகன்று மேலே செல்லச் செல்லக் குறுகும் புனல் போன்றது இவ்வமைப்பு. 2023 மார்ச்சில் இப்பள்ளிகளைப் பள்ளிக்கல்வித் துறையுடன் இணைக்கும் அறிவிப்பு நிதிநிலை அறிக்கையில் வந்தபொழுது நம்மிடையே இருவேறு கருத்துகள் எழுந்தன. தனிப்பள்ளி என்னும் முத்திரை நீங்கட்டும் என்றனர் ஒரு சாரார். நிலமும் கட்டடமும் ஆசிரியர் பணியிடமும் நம் கையைவிட்டுப் போகும் என்றனர் மறு சாரார். இருவர் கூற்றிலும் நியாயம் உண்டு. எந்தத் துறையின் பெயர்ப்பலகை தொங்கினும், 1893 ஆணையின் காலந்தொட்டு நம் பெயரில் வந்த பள்ளிமனையும் தொகையும் தனியே எண்ணிக் காட்டப்படாவிடில் இணைப்பு இழப்பாகவே முடியும் என்பது நம் துணிபு.

விடுதி மாணவர் உணவுக்கட்டணம் 2023-இல் மாதம் 1,000 ரூபாயிலிருந்து 1,400 ரூபாயாக உயர்ந்தது. வரவேற்கிறோம். முப்பது நாளுக்கு வகுத்தால் நாளொன்றுக்கு 47 ரூபாய்க்கும் குறைவு. மூன்று வேளைக்கும் அதுவே. கல்லூரியில் சேரும் நம் பிள்ளைகளின் கட்டணத்தை அரசே ஏற்கும் என்னும் 2012-ஆம் ஆண்டின் 92-ஆம் எண் ஆணையால் தனியார் கல்லூரிகளிலும் பல்லாயிரவர் நுழைந்தனர். 2020 டிசம்பரில் மைய அரசு இவ்வுதவித்தொகையின் செலவை மையம் அறுபது, மாநிலம் நாற்பது என்று வகுத்து, ஐந்தாண்டுக்கு 59,048 கோடி ரூபாய் என அறிவித்தது. மாநிலம் தன் பங்கைச் செலுத்திய பின்னரே மையத்தின் பங்கு மாணவர் வங்கிக் கணக்குக்கு வரும். இடையில் ஒருவர் தாமதித்தால் மற்றவரைச் சுட்ட வழி உண்டு. அத்தாமதத்தின் விலையைச் செலுத்துவது யார்? தேர்வு நுழைவுச்சீட்டுக்கு முன் கட்டணத்தைக் கட்டு என்று நிறுத்தி வைக்கப்படும் மாணவியே. மல்லாட்டை பிடுங்கும் காலத்தில் பள்ளியை விட்டு வயலுக்குப் போன தலைமுறையின் பேத்தி, கல்லூரி வாயில்வரை வந்து கட்டணச்சீட்டால் திரும்பிப்போதல் தகுமோ?

இனிச் செய்ய வேண்டுவன. அரசின் மானியக் கோரிக்கை நூல்கள் இன்று எவரும் படிக்கக் கிடைக்கின்றன. அவற்றுள் ஆதிதிராவிடர் நலத்துறைக்குரியது நான்காம் எண் கோரிக்கை. பிற துறைகளின் நூலில் 789 என்னும் சிறுதலைப்பைத் தேடுக. பட்டியல் இனத்தார் துணைத் திட்டத்தின் குறியீடு அதுவே. ஒதுக்கீடு, திருத்திய மதிப்பீடு, உண்மைச் செலவு ஆகிய மூன்று பத்திகளையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டால் தொகை எங்கே கரைந்தது என்பது தெரியும். சுற்றுப்புறச் சிற்றூர்களில் ஆண்டுக்கு ஆறு முறை, சனவரி 26, மார்ச்சு 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடும். வீட்டுப் பயனாளிகள் பட்டியலை அங்கே உரக்கப் படிக்கச் செய்யலாம். கீழ்பென்னாத்தூர் பேரூராட்சியாதலின் நமக்குக் கிராம சபை இல்லை. ஆகவே எழுத்து மூலமான கேள்வியே நமக்கு முதன்மைக் கருவி. நெடுஞ்சாலையிலிருந்து நம் குடியிருப்புக்குப் பிரியும் பாதை எந்த ஆண்டில், எந்தத் தலைப்பில், எவ்வளவு தொகைக்குப் போடப்பட்டது என்பதிலிருந்தே தொடங்கலாம்.

சங்கத்தின் இளைஞர் பகுதியினர் மூவர் மூவராகச் சேர்ந்து பள்ளி, விடுதி, வீடு, பாதை என்று ஆளுக்கொரு பொருளை எடுத்துக்கொள்ளல் நலம். மனு தமிழிலேயே இருக்கலாம். காரணம் கூற வேண்டியதில்லை. 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கட்டணம் பத்து ரூபாய். நீதிமன்றக் கட்டண வில்லையாக ஒட்டலாம். விடை 30 நாட்களுக்குள் வர வேண்டும். வாராவிடில் அடுத்த 30 நாட்களுக்குள் அதே அலுவலகத்தின் மேலதிகாரியிடம் முதல் மேல்முறையீடும், அதன்பின் 90 நாட்களுக்குள் சென்னையிலுள்ள மாநிலத் தகவல் ஆணையத்திடம் இரண்டாம் மேல்முறையீடும் செய்யலாம். மனுவின் படி ஒன்றையும் ஒப்புகைச் சீட்டையும் சங்க அலுவலகத்தில் கோப்பில் வைத்தல் வேண்டும்.